எனக்குச் சொந்தமாக நான்கு 'கார்கள்'

கடந்த மாதம் கிள்ளானில் ஓர் உறவினர் திருமணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். சாம்பார் வரும்வரை என் படிப்பைப் பற்றி விசாரித்தார். ரசம் வரும்போது தேர்வு எப்போது முடியும் என்று கேட்டார். பாயசம் வந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"கடைசி வருஷம் முடியப் போகுதே தம்பி, என்ன காடி எடுக்கப் போற?"

என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் தாண்டி நேராகக் காருக்கு வந்துவிட்டார். எனக்கும் சற்றுக் குறும்பு.

"என்கிட்ட ஏற்கனவே நாலு காடி இருக்கு மாமா. ஒரு ஹைலக்ஸ், ஒரு வீரா, ஒரு ஃபோர்வீல், ஒரு கஞ்சில்."

மாமாவின் கை பாயசத்தோடு பாதியிலேயே நின்றுவிட்டது. எதிர் வரிசையில் இருந்த அம்மா, "எல்லாம் சைக்கிள்ணே, அவன் சொல்றத நம்பாதீங்க" என்று போட்டு உடைத்தார். அந்த வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீடு திரும்பும்போதுதான் யோசித்தேன். விளையாட்டாகச் சொன்னாலும் அந்த ஒப்பீடு தப்பில்லை. பதின்ம வயதிலிருந்து இன்றுவரை என் கைக்கு வந்தவை நான்கு சைக்கிள்கள். ஒவ்வொன்றும் நம் நாட்டுச் சாலையில் ஓடும் ஏதோ ஒரு வகைக் காரைப் போலவே நடந்துகொண்டது. ஒவ்வொன்றிடமும் நான் ஒரு பாடம் படித்தேன். படிப்பு முடித்து முதல் சம்பளம் வாங்கியதும் முதல் காருக்குக் கையெழுத்துப் போடக் காத்திருக்கும் என் வயது நண்பர்களோடு அந்தப் பாடங்களைப் பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பிரேக் இல்லாத வீரா

முதலில் வந்தது ஒரு பழைய பிஎம்எக்ஸ். இரண்டாம் படிவம் படிக்கும்போது அப்பா வாங்கித் தந்தார். சிறிய சக்கரம், குட்டையான உடம்பு. ஆறே மாதத்தில் அதை நான் அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டேன். இருக்கையைத் தாழ்த்தினேன். கைப்பிடியை வெட்டினேன். சங்கிலி மூடியைக் கழற்றி எறிந்தேன். கடைசியில் பிரேக்கையும் கழற்றினேன். தாமான் பையன்கள் மத்தியில் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் சின்னப் பிள்ளையின் சைக்கிள்.

அந்தக் காலத்தில் எங்கள் தாமானில் ஒரு புரோட்டோன் வீரா இருந்தது. 1993இல் அறிமுகமான வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்ட கார். அதனால் லான்சர் இவோவின் முன்பகுதியை அதற்குப் பொருத்தி, பின்னால் ஓர் இறக்கையும் வைத்து, உறுமும் புகைக்குழாய் மாட்டி ஓட்டும் அண்ணன்மார் எல்லா ஊரிலும் உண்டு. வெளித்தோற்றம் பந்தயக் கார். உள்ளே இருப்பது குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்காகச் செய்த இயந்திரம். என் பிஎம்எக்ஸ் அந்த வீராவின் தம்பி.

ஒரு மாலையில் தாமானின் இறக்கத்தில் வயிறு இருக்கையில் படும்படி படுத்துக்கொண்டு ஓட்டினேன். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் இருந்திருக்கும். கேட்கக் குறைவாகத் தெரியும். கணக்குப் போட்டால் வினாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். ஒரு கார் பின்புறமாக வெளியே வருவதைப் பார்த்து, 'ஐயோ' என்று நினைப்பதற்குள் எட்டு மீட்டர் போய்விட்டது. காலைத் தரையில் தேய்த்தேன். காலணிதான் கிழிந்தது. காரில் மோதாமல் திருப்பியதில் கால்வாய்க்குள் விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் கதை எலும்போடு முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில், இப்படி மாற்றியமைத்த சைக்கிள்களில் சென்ற பையன்கள் கூட்டத்தின்மீது ஒரு கார் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லோரும் 13 முதல் 16 வயது வரையிலானவர்கள். அந்த வழக்கு ஆறு ஆண்டு நீதிமன்றங்களில் நடந்து, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கார் ஓட்டியவரை விடுவித்தது. தீர்ப்பைப் பற்றி நாடே இரண்டு பக்கமாக நின்று வாதாடியது. எந்தத் தீர்ப்பும் அந்த எட்டுப் பேரில் ஒருவரையும் ஐந்தாம் படிவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க முடியாது.

'பாசிக்கல் லாஜாக்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் அந்தச் சைக்கிளை இன்று என் தம்பியின் வகுப்புப் பையன்களும் ஓட்டுகிறார்கள். அவர்களைக் கெட்ட பிள்ளைகள் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் நானும் அதையேதான் செய்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். நிறுத்த முடியாத வண்டியை ஓட்டுகிறவன் வீரன் இல்லை. அது எங்கே போய் முடியும் என்பது அவன் கையை விட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான்.

சேறு காணாத ஃபோர்வீல்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறையில் ஓர் உணவகத்தில் வேலை செய்தேன். இரண்டு மாதச் சேமிப்பு 900 ரிங்கிட். அதை அப்படியே கொடுத்து ஒரு மலை சைக்கிள் வாங்கினேன். முன்னால் மூன்று பற்சக்கரம், பின்னால் ஏழு, ஆக 21 கியர். முன்சக்கரத்துக்கு மட்டுமல்ல, பின்சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கும் சுருள். கட்டை விரல் தடிமனுக்குப் புடைத்து நிற்கும் டயர். பார்க்கும்போதே காட்டுக்குள் போகும் சைக்கிள் என்று தெரியும்.

மூன்று வருடத்தில் அது எந்தக் காட்டுக்குப் போனது? எந்தக் காட்டுக்கும் போகவில்லை. தாமானிலிருந்து நூலகத்துக்கு, நூலகத்திலிருந்து கடைத்தெருவுக்கு, கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு. எல்லாம் தார்ச்சாலை. சேற்றுக்காகச் செய்த அந்தத் தடித்த டயர் தாரில் 'உர்ர்' என்று இழுக்கும். நான் மிதிக்கும் விசையில் ஒரு பங்கை அந்தச் சுருள் விழுங்கிவிடும். மலிவு விலைச் சைக்கிளில் சுருளும் கியரும் சேரச் சேர எடையும் சேரும். 21 கியரில் நான் பயன்படுத்தியது மூன்றோ நான்கோ.

பேரங்காடியின் அடித்தள வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் பெரிய பெரிய நான்கு சக்கர உந்து வாகனங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சைக்கிள் நினைவுக்கு வரும். ஆற்றைக் கடக்க வல்ல வாகனம். அது கடக்கும் மிக உயர்ந்த தடை, வேகத்தடை.

எனக்கு அந்தச் சைக்கிள் ஏன் வேண்டியிருந்தது? மூன்று நண்பர்கள் வைத்திருந்தார்கள், அதனால்தான். நான் சைக்கிள் வாங்கவில்லை. அவர்கள் பக்கத்தில் நிற்க ஓர் இடம் வாங்கினேன். தவறு என்று புரிந்ததும் 400 ரிங்கிட்டுக்கு விற்றேன். நட்டம் 500 ரிங்கிட். இந்த 500 ரிங்கிட்டை மறக்க வேண்டாம். பின்னால் ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

ரயில் ஏறும் கஞ்சில்

பல்கலைக்கழகம் வந்த பிறகு, படிப்பு முடித்துப் போன ஓர் அக்காவிடமிருந்து 350 ரிங்கிட்டுக்கு ஒரு மடிக்கும் சைக்கிள் வாங்கினேன். 20 அங்குலச் சக்கரம். முதல் நாள் அதில் ஏறியபோது சர்க்கஸ் கரடி சைக்கிள் ஓட்டுவதுபோல் இருக்கிறது என்று அறை நண்பன் சிரித்தான். நான்கு ஆண்டாக என்னைத் தினமும் வகுப்புக்குச் சேர்த்தது அந்தக் கரடி சைக்கிள்தான்.

சக்கரம் சின்னதாக இருந்தால் வேகம் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு மிதிக்குச் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை முன், பின் பற்சக்கரங்களின் பற்கள்தாம் முடிவு செய்கின்றன. முன்னால் 52 பல், பின்னால் 13 பல் என்றால் மிதியின் ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் நான்கு சுற்றுச் சுற்றும். சக்கரம் சின்னதாக இருந்தால் முன் பற்சக்கரத்தைப் பெரிதாக வைத்து அதை ஈடுகட்டிவிடுவார்கள். மேட்டில் ஏற காரின் முதல் கியரைப் போடுவதும், சைக்கிளில் பெரிய பின் பற்சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றுவதும் ஒரே அறிவியல்தான். வேகத்தைக் கொடுத்துவிட்டு விசையை வாங்குகிறோம்.

இந்தச் சைக்கிளை நான் கஞ்சிலோடு ஒப்பிடுவது அளவுக்காக மட்டுமல்ல. 1994இல் பெரோடுவா வெளியிட்ட முதல் கார் அது. 660 சிசி இயந்திரம். பெயரே மலாய் நாட்டுப்புறக் கதைகளில் வரும் சருகுமான். முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடந்த அந்தச் சின்ன மிருகத்தின் கதையைத் தொடக்கப்பள்ளியில் கேட்காதவர் நம்மில் யார்? 2009இல் உற்பத்தி நின்றுபோனாலும் கஞ்சில் இன்னும் சாலையில் கண்ணில் படுகிறது. ஆசிரியர்களும் தாதியரும் சின்னக் கடை வைத்திருப்பவர்களும் அதில்தான் முதன்முதலாகக் கார் ஓட்டப் பழகினார்கள். யாரும் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. ஆனால் அது யாரையும் கடனில் மூழ்கடித்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

என் மடிக்கும் சைக்கிளும் அப்படித்தான். மடித்தால் ரயிலில் என் காலடியில் அடங்கிவிடும். நிலையத்திலிருந்து வளாகம் வரையுள்ள கடைசி மூன்று கிலோமீட்டருக்கு நான் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மழைக் காலத்தில் நனைவேன், வெயிலில் சட்டை ஒட்டிக்கொள்ளும். பையில் எப்போதும் இன்னொரு சட்டை இருக்கும். அது கொடுக்கும் சுதந்திரத்துக்கு இந்த விலை எனக்குக் கட்டுப்படியானது.

தாத்தாவின் ஹைலக்ஸ்

நான்காவது சைக்கிளைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வயதில் அதுதான் மூத்தது. அம்மாவின் அப்பா, அதாவது பெரிய மாமாவின் அப்பா, ஓட்டிய ராலே சைக்கிள். தாத்தா இறந்த பிறகு பாட்டி அதை என் பொறுப்பில் விட்டார்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் பிறந்த நிறுவனம் ராலே. கைப்பிடிக்குக் கீழே கொக்குத் தலை பொறித்த முத்திரை இருக்கும். 28 அங்குலச் சக்கரம், கயிற்றுக்குப் பதில் கம்பியால் இயங்கும் பிரேக், கனமான எஃகுச் சட்டகம். பின்னால் இரும்புக் கேரியர்.

சின்ன வயதில் அதை நான் 'லோரி' என்றுதான் கேலி செய்வேன். தாத்தா கோபப்படமாட்டார். "லோரிதான்டா. அது ஏத்தாதது என்ன இருக்கு?" என்பார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் பால் வாளிகளை ஸ்டோருக்குக் கொண்டுபோனது அந்தச் சைக்கிள். அரிசி மூட்டை, மாட்டுக்குப் புல், விறகு எல்லாம் அந்தக் கேரியரில் ஏறின. மாமாவும் அம்மாவும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனதும் அதில்தான். மாமா முன்னால் பாரில், அம்மா பின்னால் கேரியரில். ஒரு நாள் நள்ளிரவில் காய்ச்சலில் துவண்ட மாமாவைத் துணியால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு ஐந்து மைல் செம்மண் சாலையில் மருந்தகத்துக்கு மிதித்ததாகப் பாட்டி சொல்வார்.

குத்தகைக்காரர்களும் தோட்டக்காரர்களும் இன்று ஹைலக்ஸ் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பகுதியில் கீறல் இல்லாத இடம் இருக்காது. யாரும் அதைத் தினமும் துடைத்து மெருகேற்றுவதில்லை. காலையில் சுமை ஏறும், மாலையில் இறங்கும். தாத்தாவின் ராலே எங்கள் குடும்பத்தின் ஹைலக்ஸ். நான் பார்த்த நான்கிலும் தன் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒரே வண்டி அதுதான். ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியதும் அதுதான்.

மாமா ஏன் அப்படிக் கேட்டார்?

இதுவரை படித்தவர்கள், மாமா பணத்தாசை பிடித்தவர், வெளிப்பகட்டு விரும்புகிறவர் என்று நினைத்திருக்கலாம். நானும் அந்தப் பந்தியில் அப்படித்தான் நினைத்தேன். அது நியாயமில்லை என்று பிறகு உணர்ந்தேன்.

தாத்தா தன் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்வார். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நிற்க வேண்டும். துரை போன பிறகுதான் மீண்டும் ஏறலாம். துரைக்கு மட்டுமல்ல, கிராணிக்கும் இறங்க வேண்டும். இது தாத்தா மிகைப்படுத்திச் சொன்ன கதை என்று நான் பல காலம் நினைத்திருந்தேன். பிறகு நம் நாட்டு வரலாற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பவையும் இருந்தன. அவற்றோடு, துரைமார் முன்னாலும் அலுவலர்கள் முன்னாலும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போக உரிமை வேண்டும் என்பதும் இருந்தது. போராட்டத்தை அடக்க இராணுவம் வந்தது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமை. இன்று கேட்டால் இதற்கா ஒரு போராட்டம் என்று தோன்றும். அந்த நாளில் அது ஒரு மனிதன் தன் முதுகை நிமிர்த்துவதற்கான போராட்டம்.

அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் மாமா. 1990களின் நடுவில் பழைய புரோட்டோன் சாகா ஒன்றை அவர் வாங்கியபோது, எங்கள் வீட்டில் கார் வாங்கிய முதல் ஆள் அவர்தான். கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தாத்தாவை முன்னிருக்கையில் உட்கார வைத்துத் தோட்டத்தைச் சுற்றி வந்தாராம். சாலையோரம் இறங்கி நின்றவரின் மகன், பேரன் ஓட்டும் காரின் முன்னிருக்கையில். அந்த நாளின் மதிப்பை எந்த வங்கிக் கணக்காலும் அளக்க முடியாது. ஆக, "என்ன காடி எடுக்கப் போற?" என்று மாமா கேட்டதற்கு, "உன் முதுகு நிமிர்ந்துவிட்டதா?" என்றுதான் பொருள். அதைப் புரிந்துகொள்ளாமல் நான் கேலி செய்துவிட்டேன்.

ஆனாலும் மாமாவோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. 1941இல் அந்தத் தொழிலாளர்கள் கேட்டது கார் அல்ல. 'நாங்கள் எதில் போகிறோமோ, அதிலேயே எங்களை மதியுங்கள்' என்பதுதான் அவர்களின் கோரிக்கை. அந்த உரிமைக்கு உயிரைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம், இன்று யாரும் கட்டாயப்படுத்தாமலேயே சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கிறோம். நண்பனின் புதுக் காரைப் பார்த்தால் மனத்தளவில் இறங்கி ஓரமாக நிற்கிறோம். பெண் பார்க்க வருகிறவர் என்ன காரில் வருகிறார் என்று ஜன்னல் வழியே பார்க்கிறோம். இன்று நம்மை இறங்கச் சொல்ல எந்தத் துரையும் இல்லை. நாமே இறங்குகிறோம்.

ஒரு கணக்கு

இப்போது அந்த 500 ரிங்கிட்டுக்கு வருவோம்.

50,000 ரிங்கிட் விலையுள்ள ஒரு கார். பத்து விழுக்காடு முன்பணம் கட்டினால் கடன் 45,000. ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி, அதுவும் தொடக்கக் கடன் தொகை முழுவதற்கும், ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் 12,150 ரிங்கிட். மொத்தம் 57,150. அதை 108 மாதங்களால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 529 ரிங்கிட். வங்கிக்கு வங்கி விகிதமும் கணக்கிடும் முறையும் மாறலாம். நீங்களே உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

முதல் சம்பளம் 2,500 ரிங்கிட் என்றால், ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போகக் கையில் 2,225. அதில் காருக்கு 529 போனால் மீதி 1,696. அதற்குள் அறை வாடகை, சாப்பாடு, பிடிபிடிஎன் கல்விக் கடன், வீட்டுக்கு அனுப்பும் பணம், காருக்கே உரிய பெட்ரோல், டோல், காப்புறுதி, பராமரிப்பு எல்லாம். 24 வயதில் கையெழுத்திட்டால் 33 வயதில்தான் அந்தக் கார் உங்களுடையது.

நான் தவறான சைக்கிளை வாங்கினேன். 500 ரிங்கிட் நட்டத்தோடு தப்பினேன். தவறான காரை வாங்கினால் அப்படி விற்றுத் தப்ப முடியாது. சில ஆண்டுகளில் காரின் சந்தை விலை, பாக்கியிருக்கும் கடனைவிடக் கீழே போய்விடலாம். விற்ற பிறகும் கடன் மிஞ்சும். நம் நாட்டில் திவாலானவர்களின் காரணப் பட்டியலில் வாகனக் கடன் தொடர்ந்து இடம்பெற்று வந்திருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் பல ஊர்களில் பேருந்து வரும் என்று நம்பி வேலைக்குப் போக முடியாது. இரவு நேர வேலை முடித்து வரும் ஒரு தங்கையிடம், சைக்கிளில் வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியவருக்குக் கார் அவசியத் தேவை. எனக்கும் ஒரு நாள் கார் வேண்டும்.

அந்த நாளில் என் நான்கு சைக்கிள்களும் என்னிடம் நான்கு கேள்வி கேட்கும்.

பிஎம்எக்ஸ் கேட்கும்: "நினைத்த நேரத்தில் உன்னால் நிறுத்த முடியுமா?" வேலை போனால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால், மூன்று மாதத் தவணை கட்டும் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் நான் மீண்டும் பிரேக் இல்லாத வண்டியில் இறக்கத்தில் போகிறேன்.

மலை சைக்கிள் கேட்கும்: "இதை யாருக்காக வாங்குகிறாய்?" அந்த 21 கியரில் எத்தனையைப் பயன்படுத்தப் போகிறேன்?

மடிக்கும் சைக்கிள் கேட்கும்: "இதைவிடச் சின்னது போதாதா?" 1000 சிசி வரையுள்ள காருக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆண்டு சாலை வரி 20 ரிங்கிட். 1,500 சிசி என்றால் 90. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் விலை, காப்புறுதி, பெட்ரோல், டயர் என்று ஒவ்வொன்றிலும் அந்த வித்தியாசம் வந்து நிற்கும்.

ராலே கடைசியாகக் கேட்கும்: "நீ யாரைச் சுமக்கப் போகிறாய்?" இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருந்தால், மற்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

திருமணம் முடிந்த அடுத்த வாரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் காரை வாசலில் நிறுத்திவிட்டு, "எங்கடா அந்த ஹைலக்ஸ்?" என்றார். பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன். ராலேயின் மேல் போட்டிருந்த சாக்கை எடுத்தேன். மாமா ஒன்றும் பேசவில்லை. முன்னால் உள்ள பார் கம்பியைக் கையால் தடவினார். அதில் ஓர் இடத்தில் மட்டும் வண்ணம் முழுதாகத் தேய்ந்து இரும்பு தெரியும்.

"இங்கதான் நான் உட்காருவேன்" என்றார்.

அதன் பிறகு என்ன கார் எடுக்கப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. "டயர் ரெண்டும் போயிடுச்சு. நல்ல டயரா போடு, காசு நான் தரேன்" என்று மட்டும் சொன்னார். போட்டுவிட்டேன். அப்படியே கம்பி பிரேக்கையும் சரி செய்யச் சொன்னேன். இப்போது அது நன்றாகவே நிற்கிறது.